ஊசி குத்தாமல் போதையை அளக்க முடியுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு சொந்தக் கதை எழுதியிருந்தேன். திருநள்ளாறில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி மயிலாடுதுறை திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். ஆயுசில் ஒரு சொட்டு தொடாத எனக்கு மெஷின் 46 காட்டியது, 30-ஐத் தாண்டினாலே குற்றம். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வண்டியை ஓரம் கட்டி இரண்டு மூடி இருமல் மருந்து குடித்திருந்தேன், அதுதான் காரணம். கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொன்னபோது பூச்சியம். கல்யாணப் பட்டுச் சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அந்தக் கால் மணி நேரம் என்னைப் பார்த்த பார்வையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பாதிப் பேர் "எப்படித் தப்பிப்பது" என்று கேட்கிறார்கள். மீதிப் பேரின் கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். தப்பிக்க வழி கேட்டவர்களுக்கும் நடுவில் ஒரு பதில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் நெல் லோடு அடிக்கும் லாரி ஓட்டுகிறார். ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்தால் 11 மணிக்குள் ஒரு குவார்ட்டர் முடித்துவிட்டுப் படுத்துவிடுவார். விடியற்காலை 5 மணிக்குக் கொள்முதல் நிலையத்துக்கு வண்டி எடுக்க வேண்டும். "ராத்திரி குடிச்சது ராத்திரியோட போச்சு" என்கிறார். நிஜமா?
*வாசகி, பாபநாசம் வட்டம்*

போகவில்லை அம்மா. வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையதுதான், அதனால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே போடுகிறேன், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டில் லேபிளில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். அப்படியானால் உள்ளே சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் 61 கிராம் மாதிரி. ஆல்கஹால் உடம்பில் தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் பரவும், கொழுப்பில் அவ்வளவாகச் சேராது. இதை வைத்து ஸ்வீடன்காரர் விட்மார்க் 1932-ல் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தார், இன்றுவரை உலகம் முழுக்க அதைத்தான் புழங்குகிறார்கள். ஆண் என்றால் உடல் எடையை 0.68-ஆல் பெருக்கி, குடித்த கிராமை அதனால் வகுக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் விடை 1.38, அதாவது 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 138 மில்லிகிராம். சட்டம் அனுமதிப்பது 30.

இதை ஈரல் எவ்வளவு வேகமாகக் கழிக்கும்? மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம். சிலருக்கு 10, சிலருக்கு 20. தூங்கினாலும் அதே வேகம், விழித்திருந்தாலும் அதே வேகம். 10 மணிக்கு ஆரம்பித்தவருக்கு 5 மணி என்றால் 7 மணி நேரம், 105 கழியும், மீதி 33. ஈரல் கொஞ்சம் சுறுசுறுப்பானவருக்கு இதைவிடக் குறையலாம், மந்தமானவருக்கு 60-ஐத் தாண்டவும் செய்யும். அதாவது தெளிவாக எழுந்து, பல் தேய்த்து, டிகிரி காபி குடித்து, நெற்றியில் விபூதி பூசி வண்டியில் ஏறுகிற மனிதர் சட்டத்தின் கண்ணில் இன்னும் குடித்தவர்தான். இது ஒரே ஒரு குவார்ட்டருக்கான கணக்கு. தனியாளாக ஒரு ஆஃப், அதாவது 375 மில்லி, அடித்தவருக்கு 280-க்கு மேல் போகும், மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து சாயங்காலம் ஆகும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பீர் என்றால் ஒன்றுமில்லை என்பார்கள், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு 650 மில்லி பாட்டில் இதே மனிதருக்கு 90-ஐத் தொடும்.

மோர், எலுமிச்சைச் சாறு, வாந்தி எடுப்பது, காவிரியில் முங்கி எழுவது, எதுவும் அந்த 15-ஐ 16 ஆக்காது. குளித்தால் தூக்கம் கலையும், அவ்வளவுதான். தூக்கம் கலைந்ததும் தெளிந்துவிட்டோம் என்று ஆளுக்குத் தோன்றுகிறது பாருங்கள், எனக்குப் பயம் அதுதான்.

அந்த மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வயிற்றில் இருப்பது மூச்சில் எப்படி வரும்?
*பிளஸ் டூ மாணவர், மன்னார்குடி*

தம்பி, வயிற்றிலிருந்து வரவில்லை, ரத்தத்திலிருந்து வருகிறது. நுரையீரலின் கடைசி அறைகளில் ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே மெல்லிய சவ்வுதான். ஆல்கஹால் ஆவியாகக் கூடியது, அதனால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குத் தக்கபடி காற்றுப் பக்கமும் ஆவியாக வந்துவிடும். உங்கள் வேதியியல் புத்தகத்தில் ஹென்றி விதி என்று இருக்குமே, அதேதான். 2,100 மில்லி மூச்சுக் காற்றில் இருக்கும் ஆல்கஹால் 1 மில்லி ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இங்கிலாந்தில் 2,300 என்று வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு உண்மையான எண் 2,100-க்குக் கொஞ்சம் மேலே என்பதால், 2,100 வைத்துக் கணக்கிடும் மெஷின் ஓட்டுநருக்குச் சற்றுச் சாதகமாகவே தப்பு செய்யும். "மெஷின் கூட்டிக் காட்டுது சார்" என்று சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் மெஷின்கள் நிறத்தை நம்பின. 1930-களில் அமெரிக்காவில் ஹார்ஜர் என்ற பேராசிரியர் பலூனில் ஊத வைத்துச் சோதித்தார். 1954-ல் போர்க்கன்ஸ்டைன் செய்த கருவியில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் இருந்தது. ஆல்கஹால் பட்டால் ஆரஞ்சு நிறம் பச்சையாகத் திரும்பும். நீங்கள் லேபில் செய்து பார்க்கலாம், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், டைகுரோமேட் விஷம்.

இன்று போலீஸ் கையில் இருக்கும் தரமான கருவிகளில் எரிபொருள் மின்கலம் இருக்கிறது. பிளாட்டினம் பூசிய இரண்டு தகடு, நடுவில் அமிலம் ஊறிய ஒரு மெத்தை. மூச்சில் வரும் ஆல்கஹால் பிளாட்டினத்தின் மேல் பட்டதும் அசிட்டிக் அமிலமாகிறது. கள்ளை இரண்டு நாள் வைத்தால் புளித்துக் காடியாகிறதே, அதே மாற்றம்தான். அங்கே கிருமி செய்வதை இங்கே பிளாட்டினம் நொடியில் செய்கிறது. அப்போது எலெக்ட்ரான் விடுபட்டு கம்பி வழியே ஓடும், எவ்வளவு ஆல்கஹாலோ அவ்வளவு மின்சாரம். திரையில் வருகிற எண் அந்த மின்சாரம்தான்.

"இன்னும் ஊது, இன்னும் ஊது, நிறுத்தாதே" என்று போலீஸ்காரர் கத்துவது மிரட்டுவதற்கு இல்லை. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் காற்று முதலில் வரும், அது உதவாது. நுரையீரலின் அடியிலிருந்து கடைசியாக வருகிற மூச்சுதான் ரத்தத்தைப் பற்றிச் சொல்லும்.

பலாப்பழம் சாப்பிட்டால் மெஷின் காட்டுமாமே? பழைய சோறு? நான் தினமும் தசமூலாரிஷ்டம் குடிக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.
*ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்*

பலாப்பழக் கதை பொய்யில்லை. 2025-ல் கேரளத்தில் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் காலையில் பலாச்சுளை சாப்பிட்டுவிட்டு ஊதிய ஓட்டுநர்கள் மாட்டிக்கொண்டார்கள், பிறகு அவர்களே குடிக்காத ஒருவருக்குச் சுளை கொடுத்து ஊத வைத்து நிரூபித்ததாகச் செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கை ஊறியது. ஆன்லைனில் மலிவு விலை மெஷின் ஒன்று வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் உட்கார்ந்தேன்.

பண்ருட்டிப் பலா, இரண்டு நாள் ஆகித் தேன் வடிகிற நிலை. நான்கு சுளை தின்று உடனே ஊதினேன், ஏதோ ஒரு சின்ன எண் காட்டியது. வாய் கொப்பளித்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து ஊதினேன், பூச்சியம். கறுத்துப் போன பூவன் பழம், அதுவும் அதே மாதிரி. பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு ஊதினேன், ஒன்றுமே இல்லை. பழைய சோற்றில் நடப்பது பெரும்பாலும் தயிரில் நடக்கிற அமில நொதிப்பு, ஆல்கஹால் பெயருக்குத்தான் இருக்கும். வெற்றிலை பாக்கு, ஒன்றுமில்லை. அடுத்து உங்கள் அரிஷ்டம். 20 மில்லி குடித்துவிட்டு உடனே ஊதியதும் மெஷின் கூவிவிட்டது, எண் 150-க்கு மேல். அம்மா வைத்தியத்துக்கு வைத்திருந்த பாட்டிலை நான் காலி செய்வதாக வீட்டில் ஒரே சத்தம். கால் மணி நேரம் கழித்துப் பூச்சியம்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அரிஷ்டங்களில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஆனால் நீங்கள் குடிப்பது இரண்டு மூடி. 25 மில்லியில் 8 சதவீதம் என்றால் ஒன்றரை கிராம்தான், ரத்தத்தில் 5 மில்லிகிராம் மாதிரிதான் ஏறும். மெஷின் கூவியது வாயில் ஒட்டியிருந்ததைப் பார்த்து. என் இருமல் மருந்துக் கதையும் இதேதான், வாய் கொப்பளிக்கும் மருந்து, ஹோமியோபதிச் சொட்டு எல்லாவற்றுக்கும் இதேதான். வாயில் இருக்கும் ஆல்கஹால் எச்சிலோடு கரைந்து கால் மணி நேரத்தில் போய்விடும், ரத்தத்தில் இருப்பது அப்படிப் போகாது. அதனால்தான் ஒழுங்கான சோதனை என்றால் 15 நிமிடம் காக்க வைத்து மறுபடி ஊத வைக்க வேண்டும். நீங்கள் மாட்டினால் அழாதீர்கள், கோபப்படாதீர்கள், "அரிஷ்டம் குடிச்சேன், தண்ணி கொடுங்க, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதுறேன்" என்று சொல்லுங்கள். இரண்டாவது முறையும் அதே எண் வந்தால் அப்போது அரிஷ்டம் காரணமில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் வாங்கியது மலிவு மெஷின், உள்ளே வெள்ளீய ஆக்சைடு சென்ஸார். சூடாக்கிய அந்தச் சில்லு எரியக்கூடிய எந்த ஆவி பட்டாலும் ஏமாறும். கையில் சானிடைஸர் தடவிக்கொண்டு மெஷினைப் பிடித்தேன், ஊதாமலேயே எண் ஏறியது.

காரைக்கால் போய்வருகிறவர்கள் கொய்யா இலை மென்றால் தெரியாது என்கிறார்களே? பச்சை வெங்காயம், ஹால்ஸ்?
*பெயர் வேண்டாம், நாகூர்*

பெயர் வேண்டாம் என்று எழுதியதிலேயே பதில் தெரிந்திருக்கிறது உங்களுக்கு. கொய்யா இலை நாற்றத்தை மறைக்கும். மெஷின் மோப்பம் பிடிப்பதில்லை, அது தேடுவது ஆல்கஹாலை. சுத்தமான ஆல்கஹாலுக்குப் பெரிய வாசனை கிடையாது, சரக்கு வாடை என்று நாம் சொல்வது அதில் கலந்திருக்கும் மற்றவற்றின் வாடை. ஆக நீங்கள் மென்று மறைப்பது மெஷினுக்குத் தேவையில்லாத சாமான். நாணயத்தை நாக்கடியில் வைப்பது, மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடுவது என்று இன்னும் நாலு வைத்தியம் எழுதியிருக்கிறீர்கள். நாணயம் சும்மா. வேகமாக மூச்சு வாங்கினால் எண் கொஞ்சம் இறங்கும், மூச்சை அடக்கி வைத்து ஊதினால் ஏறும், உண்மைதான். ஆனால் காரைக்கால் எல்லையான வாஞ்சூர் தாண்டி வருகிறவர் 130-ல் வருகிறார், அதில் பத்து குறைந்து என்ன ஆகப்போகிறது.

ஊத மாட்டேன் என்று சொல்ல உரிமை இருக்கிறதா? ரத்தப் பரிசோதனை கேட்கலாமா?
*திருவாரூர் வாசகர்*

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். ஓட்டினால் மட்டுமல்ல, ஓட்ட முயன்றாலும். முன்பு முதல் முறை அபராதம் 2,000 ரூபாய் வரை, 2019 செப்டம்பரிலிருந்து 10,000, அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, சிறை 2 வருடம் வரை. வண்டி இன்ஷூரன்ஸில் சொந்தச் சேதத்துக்குப் பணம் வராது என்பது தனி.

ஊத மாட்டேன் என்று சொல்லலாம், சொன்னால் தப்பித்ததாக அர்த்தமில்லை. பிரிவு 204-ன்படி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ரத்தம் எடுக்கலாம். தக்க காரணம் இல்லாமல் மறுத்தால் அதையே உங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று 205 சொல்கிறது. உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு: இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். வாய் நாறுது, தள்ளாடுறான் என்பதை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அளவு வேண்டும், அளவுக்குத்தான் மெஷின்.

ரத்தப் பரிசோதனைதான் கடைசி வார்த்தை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நடுராத்திரி கடற்கரைச் சாலையில் நிறுத்திய ஆளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், டாக்டரைத் தேடிப் பிடித்து, ஊசி போட்டு, சாம்பிளை லேபுக்கு அனுப்பி முடிப்பதற்குள் ஒரு மணி நேரமாவது போகும், 15 மில்லிகிராம் கழிந்துவிடும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அது லாபம்தான். 130-ல் இருப்பவருக்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, ஊதும்போது குழல் புதிதா என்று கேளுங்கள். உறை பிரித்து மாட்டச் சொல்லுங்கள், காச நோய் இருக்கும் ஊரில் இதற்கெல்லாம் கூச்சப்படக் கூடாது.

மெஷின் இல்லாமல் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா? எங்கள் தாத்தா சொல்லிவிடுவார்.
*விவசாயி, நீடாமங்கலம்*

தாத்தா கண் சிவப்பைப் பார்த்துச் சொல்லியிருப்பார். தை மாதம் உங்கள் ஊர் வயலில் இறங்கியிருக்கும் அறுவடை மெஷின் ஓட்டுநர் எவர் கண்ணையாவது பாருங்கள். சேலம் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரமாக ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டுகிறார், நெல் சுணை கண்ணில் விழுந்து செக்கச்செவேல் என்றிருக்கும். அவரைக் குடித்தவர் என்று சொன்னால் பாவம்.

சிவப்பு வேண்டாம், அசைவைப் பாருங்கள். பேனாவை முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் கொண்டுபோனால் சாதாரண ஆளின் கருவிழி வழுக்கிக்கொண்டே போகும். குடித்தவருக்கு ஓரத்துக்குப் போகப் போகக் கருவிழி துடித்துத் துடித்து நகரும், தாளம் தப்பின மாதிரி. அமெரிக்க போலீஸ் பல வருடமாக இதையும், கோட்டில் குதிகால் தொட நடப்பதையும், ஒற்றைக் காலில் நிற்பதையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். வலிப்பு மருந்து சாப்பிடுகிறவருக்கும் காதுக்குள் கோளாறு உள்ளவருக்கும் கண் அப்படித் துடிக்கலாம் என்பதால் இது சந்தேகத்துக்குப் பயன்படும், தீர்ப்புக்கு ஆகாது. முழங்கால் வலிக்கும் 60 வயதுக்காரரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் பச்சைத் தண்ணீர் குடித்திருந்தாலும் விழுவார்.

எனக்குச் சர்க்கரை வியாதி. மூச்சில் ஒரு மாதிரி பழவாடை வருகிறது என்கிறார்கள். மெஷின் தப்பாகக் காட்டுமா?
*வாசகர், வேதாரண்யம்*

அந்த வாடை அசிட்டோனாக இருக்கலாம். எரிபொருள் மின்கல மெஷின் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, மலிவு சென்ஸார் ஏமாறும். ஆனால் ஐயா, போலீஸைப் பற்றிக் கவலைப்படும் நேரமில்லை இது. மூச்சில் அந்த வாடை வருகிற அளவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஊதக்கூடத் தேவையில்லாமல் வண்டியே கண்டுபிடிக்கும் முறை வந்துவிட்டதாமே? நான் மூன்று பள்ளி வேன் விடுகிறேன். விலைக்குக் கிடைக்குமா? டிரைவர்களை ஊதச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.
*வேன் உரிமையாளர், மயிலாடுதுறை*

வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் 2008-லிருந்து அரசும் கார் கம்பெனிகளும் சேர்ந்து இரண்டு வழியில் முயல்கிறார்கள். ஒன்று, ஸ்டியரிங் பக்கத்தில் பதித்த சென்ஸார் ஓட்டுநர் சாதாரணமாக விடுகிற மூச்சை இழுத்து அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும். காரில் மூச்சு மற்றக் காற்றோடு கலந்து நீர்த்துப் போய்விடுமே, அதற்கு ஒரு தந்திரம்: மூச்சில் கரியமில வாயு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரியும், அது எத்தனை மடங்கு நீர்த்திருக்கிறதோ அத்தனை மடங்கு ஆல்கஹாலையும் கூட்டிக் கணக்கிட்டுக்கொள்ளும். பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்கிற கணக்கு மாதிரி. இன்னொன்று, ஸ்டார்ட் பட்டனில் விரல் வைத்தால் தோலுக்குள் ஒளி பாய்ச்சித் திரும்பி வருவதைப் படிக்கும். கொரோனா நேரத்தில் விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தோமே, அதன் அண்ணன். 2021 நவம்பரில் புதுக் கார்களில் இப்படி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று அங்கே சட்டமே போட்டார்கள், ஆனால் விதிமுறை எழுதுவது இழுத்துக்கொண்டே போகிறது. லட்சம் பேரில் ஒருவரைத் தப்பாகத் தடுத்தாலும் ஊரே கத்தும், அதுதான் சிக்கல்.

வியர்வையில் பார்க்கும் கணுக்கால் பட்டையும் இருக்கிறது. குடித்ததில் நூற்றில் ஒரு பங்கு தோல் வழியாக ஆவியாகும், அதை மின்கலம் அளக்கும். ஆனால் ரத்தத்தில் ஏறியது தோலில் தெரிய அரை மணி, ஒரு மணிக்கு மேல்கூட ஆகும். தண்டனை பெற்றவர் குடிக்காமல் இருக்கிறாரா என்று பார்க்க அங்கே நீதிமன்றங்கள் மாட்டிவிடுகின்றன. வேன் சாவியைக் கொடுக்கலாமா என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்ய அது உதவாது.

உங்களுக்கு உதவுவது பழைய முறைதான். சாவித் துவாரத்தோடு இணைத்த ஊதல் பூட்டு என்று ஒன்று உண்டு, ஊதி வருகிற எண் குறித்து வைத்த அளவுக்குக் கீழே இருந்தால்தான் இன்ஜின் கிளம்பும். ஐரோப்பாவில் 2022 ஜூலையிலிருந்து வருகிற புது மாடல் வாகனங்களில் இதை மாட்ட வசதி வைத்திருக்க வேண்டும் என்று விதி. பிரான்ஸில் பள்ளிப் பேருந்துகளில் அதற்கும் பல வருடம் முன்பே வந்துவிட்டது. உங்கள் மூன்று வேனுக்கு அது அதிகச் செலவு, பராமரிப்பும் தொல்லை. எரிபொருள் மின்கல வகையில் கையடக்க மெஷின் ஒன்றே ஒன்று வாங்குங்கள், வெள்ளீய ஆக்சைடு வகை வேண்டாம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்த்துத் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சரிபார்க்காத மெஷின் தராசுக் கல் தேய்ந்த கடை மாதிரி.

டிரைவர்கள் கோபம் பற்றி. உங்கள் டிரைவர்களில் காலையில் குடித்துவிட்டு வருகிறவர் அநேகமாக இருக்க மாட்டார். பாபநாசம் வாசகிக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள், நீங்கள் தேட வேண்டியது நேற்று ராத்திரி குடித்துவிட்டு இன்று காலை 7 மணிக்குத் தான் தெளிவாக இருப்பதாக மனசார நம்புகிற ஆளை. அவரிடம் "குடிச்சிருக்கியா" என்று கேட்டால் கோபம் வரத்தான் செய்யும், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. அதனால் கேட்காதீர்கள். சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து மெஷினை மாட்டுங்கள். எண் வந்தால் சம்பளம் பிடிக்க மாட்டேன், அன்றைக்கு மாற்று டிரைவர் போவார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தினமும் காலையில் அவர்கள் வரும்போது நீங்கள் முதலில் ஊதி எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, குழலை மாற்றி அடுத்தவர் கையில் கொடுங்கள். முதல் வாரம் சிரிப்பார்கள். உங்களுக்கே ஒரு திங்கட்கிழமை எண் வந்தால் அதையும் எழுதுங்கள்.